சார்ஜ் ஏறுது, படம் வரலை

அந்தத் திரைச்சீலைக் கடையில் ஒரு எழுதாத சட்டம் உண்டு: வாடிக்கையாளர் முன்னால் சண்டை கூடாது. அதனால் மாப்பிள்ளையும் அவன் மனைவியின் அண்ணனும் உதட்டில் தேனைத் தடவிக்கொண்டுதான் ஒருவரையொருவர் கடிப்பார்கள்.

அன்றைக்குக் கடி கொஞ்சம் ஆழம். ஓட்டல்காரம்மாவின் ஆர்டரைப் பிடிக்கிறவனுக்குத்தான் புதுக் கிளை என்று மாமனார் சொல்லிவிட்டு, மூலையில் உட்கார்ந்திருந்தார். டிசைன் எல்லாவற்றையும் பெரிய மானிட்டரில் காட்டி அசத்துகிறேன் என்று மாப்பிள்ளை முந்திக்கொண்டான்.

லேப்டாப்பின் டைப்-சி துளையில் ஒயரைச் செருகினான். சார்ஜ் ஏறியது. மானிட்டரோ ‘சிக்னல் இல்லை’ என்றது. பிடுங்கி அடுத்த துளையில் செருகினான். அதே பல்லவி.

"மெதுவா பாருங்க மாப்ள, அம்மாவுக்கு ஒண்ணும் அவசரமில்ல," என்றான் மச்சான், முகமெல்லாம் சிரிப்பாக. ஓட்டல்காரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நீங்க இருக்கும்போது எனக்கென்ன குறை மச்சான்."

அப்போதுதான் மச்சானின் போனில் தொங்கிய தடித்த கறுப்பு ஒயர் மாப்பிள்ளையின் கண்ணில் பட்டது. மானிட்டரோடு பெட்டியில் வந்த ஒயர் அது. படத்தையும் சுமக்கிற ஜாதி. தன் கையில் இருப்பதோ சார்ஜ் மட்டும் தெரிந்த நோஞ்சான். இரண்டு ஒயருக்கும் முனை ஒரே அச்சு. கேட்டால் தருவான். தந்துவிட்டு ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான்.

மாப்பிள்ளை கேட்கவில்லை. லேப்டாப்பையே ஓட்டல்காரம்மா பக்கம் திருப்பினான். "கிட்டத்துல பாத்தாதாம்மா நெசவு தெரியும்."

ஜன்னல் உயரத் திரைச்சீலைகள் தபால்தலை அளவில் தெரிந்தன. அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இன்னொரு நாள் வரேன்" என்று எழுந்தாள். வியாபாரத்தில் அந்த இன்னொரு நாள் எந்தக் காலண்டரிலும் அச்சாவதில்லை.

கதவு மூடியதும் தேனும் போனது, ‘ங்க’வும் போனது.

"அந்த ஒயர்தான் வேணும்னு உனக்குத் தெரியும்ல?" என்றான் மாப்பிள்ளை.

"தெரியும். நீ கேக்கல."

"கேட்டிருந்தா?"

"யோசிச்சிருப்பேன்."

மாமனார் எழுந்து வந்தார். மகன் போனிலிருந்து கறுப்பு ஒயரை உருவிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

"புதுக் கடைய என் பொண்ணு பாத்துப்பா. மானிட்டரும் அவளோட போகும். நீங்க ரெண்டு பேரும் இங்கயே, இதே மேசையில இருங்க."

அவர் போனார். மச்சானின் போன் சார்ஜ் இல்லை என்று கீச்சிட்டது. அவன் பார்வை நோஞ்சான் ஒயர்மேல் விழுந்தது.

"அத இப்படிக் குடு."

மாப்பிள்ளை ஒயரை நிதானமாக விரலில் சுற்றினான்.

"யோசிக்கிறேன்."