நான்காம் அறையின் நாற்பத்திரண்டாவது பொருள்

ஐந்தாம் அறைக்கு முறை வந்த காவலர்களுக்கு இரண்டாவது வாரத்திலிருந்து உடம்பின் ஓரங்கள் கரையத் தொடங்கும். பொத்தான் போட விரல் நுனி பிடிபடாது என்பதால், அந்த நான்கு மாதத்துக்கும் நாடா வைத்துக் கட்டுகிற சட்டை ஒன்றை அருங்காட்சியகத்தின் துணிக்கிடங்கிலிருந்து கொடுத்தார்கள். முறை முடிந்ததும் துவைத்துத் திருப்பித் தர வேண்டும். இதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொண்டதில்லை. ஓவியம் தீட்டும் விதம் காலத்துக்குக் காலம் எப்படி மாறியதோ அந்த வரிசையில் எட்டு அறைகள். ஓர் அறையில் நாளுக்குப் பத்து மணி நேரம் நின்றால் அந்த அறை ஒட்டத்தானே செய்யும்? மீன் கடைக்காரர் மேல் மீன் மணக்கிறது, யாராவது கேள்வி கேட்கிறார்களா?

முதல் அறையில் தங்கத் தகட்டின் மேல் தீட்டிய புனிதர்கள். அங்கே நின்றவர்களுக்கு நிழல் விழாது; தலைக்குப் பின்னால் ஒரு மஞ்சள் வட்டம் எரிந்துகொண்டே இருக்கும், பக்கத்தில் படுத்தவர்களுக்குத் தூக்கம் கெடும். இரண்டாம் அறை, ஓவியர்கள் தொலைவு என்ற ஒன்றைக் கண்டுபிடித்த காலத்துடையது. அந்த அறைக்காரர்கள் தெருக்கோடிக்குப் போனால் சிறுத்துவிடுவார்கள், கிட்டே வந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்ப அரைமணி பிடிக்கும். பேருந்து நடத்துநர்கள் அவர்களுக்கு அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்கள். மூன்றாம் அறையில் எல்லாப் படத்திலும் ஒரே பக்கத்திலிருந்து விளக்கு, மறுபாதி கும்மிருட்டு. நான்காவது அறையில் உள்ளது உள்ளபடி: செங்கல் சுமப்பவர்கள், துணி வெளுப்பவள், சோறு உண்டபடியே தூங்கிப்போன கூலியாள். அங்கே நிற்பவர்களுக்கு மருவும் நரம்பும் வெடித்த குதிகாலும் ஒன்றுவிடாமல் தெரியும், உடம்பும் இரண்டு பங்கு கனக்கும். ஐந்தாவது வெளிச்ச அறை, படமெல்லாம் கோடில்லாத வண்ணப் புள்ளிகள். ஆறாவதில் முகத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் ஒரே சமயத்தில் தெரியும். ஜலதோஷம் பிடித்தால் இரண்டு மூக்கையும் சிந்த வேண்டும். ஏழாவது கனவு அறை. சில நாள் கழுத்துக்கு மேலே தலை இருக்கும், சில நாள் ஒரு கதவு இருக்கும். எட்டாம் அறையில் வெறும் வெள்ளைத் துணி மாட்டியிருந்தது. அந்த அறைக்காவலர் மதியச் சாப்பாட்டு வரிசையில் ஒரு கோடாக நிற்பார், பின்னால் வருகிறவர் அவரைக் காலி இடம் என்று நினைத்து முன்னால் போய் நிற்பார், தினமும் சண்டை. பார்வையும் அப்படியே. எந்த அறையில் நிற்கிறார்களோ அந்த அறையின் கண்ணால்தான் வீட்டையும் பார்ப்பார்கள்.

அதனால்தான் நான்கு மாதத்துக்கு மேல் ஒருவரை ஓர் அறையில் வைப்பதில்லை. எட்டு முடிந்தால் மறுபடி ஒன்று. ஓய்வுபெறும்போது கடைசி அறை எதுவோ அது ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும், அதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல. இன்னொரு விதி, ஒரே குடும்பத்தார் இருவர் ஒரே அறையில் நிற்கக் கூடாது. எப்போதோ அண்ணனும் தம்பியும் முறைவைத்துத் தூங்கி மாட்டிக்கொண்டதில் வந்த விதி அது. அந்தப் புண்ணியவான்கள் தூங்கிவிட்டுப் போய்விட்டார்கள், அவதிப்பட்டது பின்னால் வந்தவர்கள்.

சின்னக்கா என்று எல்லோரும் கூப்பிட்ட காவல்காரி வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் கழித்து நெட்டையர் என்ற காவலர் சேர்ந்தார். ஆகவே அவள் விட்டுப்போகும் அறைக்குத்தான் எப்போதும் அவர் வருவார். முறை மாறும் நாளில் சாவிக்கொத்தையும் அறையின் பழுதுகளை எழுதிவைக்கும் குறைப்புத்தகத்தையும் கைமாற்றிக்கொள்ள வாசலில் பத்து நிமிடம் கிடைக்கும். அந்தப் பத்துப் பத்து நிமிடங்களைச் சேர்த்து வைத்து மூன்றாம் வருஷம் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஒரே இடத்தில் வேலை, கொடுத்துவைத்தவர்கள் என்று ஊர் சொன்னது. ஊருக்கென்ன! அவளுக்குப் பக்கவாட்டு முகம் தெரிந்த மாதங்களில் அவர் வெளிச்சப் புள்ளிகளாக இருந்தார். அவள் கோடானபோது அவர் கழுத்தில் கதவு இருந்தது. அவள் நான்காம் அறைக்காரியாக உள்ளது உள்ளபடி வந்து நின்ற மாதங்களில் அவர் மூன்றாம் அறைக் கண்ணோடு இருந்தார், பாதி முகம்தான் தெரிந்தது, மீதி இருட்டு. எட்டுச் சுற்று போனது. ஒரே வீடு, ஒரே பாய், ஒரே சட்டிச் சோறு, ஆனால் ஒருவரை ஒருவர் முழுசாகப் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் கால் வலித்தது. அது மட்டும்தான் பொது.

நெட்டையருக்குக் கடைசி முறை நான்காம் அறையில் வந்தது. சின்னக்கா ஐந்தில். வெளிச்ச அறைக்காரர்களைப் பத்தடி தள்ளி நின்று பார்த்தால்தான் ஆள் தெரியும், கிட்டே வந்தால் நீலமும் ஆரஞ்சும் அப்பிவைத்த அப்பல்தான். அவர்கள் வீட்டின் கூடம் எட்டடி. எனவே நெட்டையர் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்து, திறந்த கதவு வழியாக மனைவியைப் பார்த்தபடி சாப்பிட்டார். மேல்வீட்டுக்காரர்கள் ஏறி இறங்கும்போது ஒதுங்கி வழிவிடுவார், மறுபடி உட்காருவார்.

சின்னக்காவுக்கு ஐந்தாம் அறை பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே முட்டி என்று தனியாக ஒன்று கிடையாது, ஆகவே வலியும் கிடையாது. எட்டு அறைகளில் மனுஷியாகக் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது அங்கேதான். ஆனாலும் அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் மூன்று வருஷ வேலை இருந்தது, ஒன்பது முறை, கடைசி முறை ஆறாம் அறை. அவர் ஆயுசுக்கும் நான்காம் அறைக்காரர், அவள் ஆயுசுக்கும் ஆறாம் அறைக்காரி. கிழடுதட்டிய பிறகும் இவர் எந்த மூக்கைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் முழிக்க வேண்டியதுதான். நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வந்தது. அழுதபோது கண்ணீர் ஊதா நிறத்தில் இறங்கியது, அதைப் படியிலிருந்த நெட்டையர் சாயங்கால வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டார்.

மேற்பார்வையாளரிடம் போய் நின்றாள். அவரும் பழைய காவலர்தான், எட்டாம் அறையிலிருந்து பதவி உயர்வு பெற்றவர். மேசைக்குப் பின்னால் சாம்பல் நிறம் கொஞ்சம் தெரியும், குரல் வரும்.

"என்னை நாலாம் ரூமுக்கு மாத்துங்க சார். அவருக்கு இதுதான் கடைசி."

"புருஷன் பொண்டாட்டி ஒரே ரூம்ல நிக்கக் கூடாதும்மா. எத்தனை தடவை சொல்றது?"

"நிக்கலேன்னா?"

"நிக்கலேன்னா என்ன?"

"உக்காந்தா?"

சாம்பல் நிறம் பெருமூச்சு விட்டது. காவலர்கள் உட்காரக் கூடாது என்பது எல்லா விதிக்கும் தாய் விதி. ஆனால் பார்வையாளர்கள் உட்காரலாம், ஒவ்வோர் அறையின் நடுவிலும் அவர்களுக்கென்று ஒரு பெஞ்சு உண்டு. சின்னக்காவுக்கு எடுக்காத விடுப்பு நூற்றிருபது நாளுக்கு மேல் கிடந்தது. "வெளிச்ச ரூமை விட்டுட்டு யாராவது அங்க போவாங்களா? முட்டி போயிடும்மா" என்றார் மேற்பார்வையாளர், உண்மையான கரிசனத்தோடு. "போகட்டும் சார். கிட்ட வந்தா அவருக்கு என் மூஞ்சி தெரியல" என்றாள் அவள். அவர் விடுப்புக்குக் கையெழுத்துப் போட்டார், அது யாருக்கும் தெரியவில்லை, இருந்தாலும் செல்லும்.

மறுநாளிலிருந்து கதவு திறந்ததும் டிக்கெட் வாங்கி உள்ளே வந்து நான்காம் அறைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் தன் மூலையில் நின்றார். காவலர் பார்வையாளரோடு பேசக் கூடாது, அவர்களும் பேசவில்லை. முதல் வாரத்தில் அவளுக்கு ஓரங்கள் திரும்பின, இரண்டாம் வாரத்தில் வலி திரும்பியது, மூன்றாம் வாரத்தில் இருபத்திரண்டு வருஷத்துச் சோர்வும் ஒட்டுமொத்தமாக வந்து மடியில் உட்கார்ந்தது. கண்ணுக்குக் கீழே பை, முகவாயில் இரண்டு நரைமுடி, இடது கன்னத்தில் ஒரு மரு. நெட்டையர் அந்த மருவைப் பார்த்தார். அது எப்போது வந்ததென்று அவருக்குத் தெரியாது. மூலையிலிருந்து பார்த்தபடியே இருந்தார், சுவரிலிருந்த நாற்பத்தோரு படங்களில் எதையாவது எவனாவது தொட்டிருந்தால்கூட அவருக்குத் தெரிந்திருக்காது. நல்லவேளை, அந்த அறைக்குக் கூட்டம் வருவதில்லை. களைத்தவர்களைக் காசு கொடுத்துப் பார்க்க யார் வருவார்?

ஏழு வருஷத்துக்கு ஒருமுறை, பொருள்களையெல்லாம் எண்ணிப் பதிவேட்டில் ஏற்றும் இருப்பெடுப்பு நடக்கும். அந்த முறை அது மூன்றாவது மாதத்தில் வந்து தொலைத்தது. இருப்பெடுக்கும் குமாஸ்தா ஆறு நாளாக எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போனவர். நான்காம் அறையில் சுவரைச் சுற்றி நாற்பத்தொன்று எழுதினார், நடுவில் பெஞ்சில் இருந்ததைப் பார்த்தார். அசையவில்லை. உள்ளங்கையின் காய்ப்பு, புறங்கை நரம்பு, பிதுங்கிய செருப்பு எல்லாம் அறையோடு பொருந்தியிருந்தது. நாற்பத்திரண்டு, உட்கார்ந்திருக்கும் பெண், ஓவியர் தெரியவில்லை என்று எழுதிவிட்டு, அவள் மணிக்கட்டில் நூல் கட்டிய எண் அட்டையை மாட்டினார். சின்னக்கா அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள். நெட்டையர் வாயைத் திறக்கவில்லை, பணியில் இருக்கும் காவலர் இருப்பெடுப்பில் குறுக்கிடக் கூடாது. விதிப்படி நடந்தே பழகிய மனுஷன் விதிப்படி நின்று பெண்டாட்டியைக் கோட்டைவிட்டார்.

பதிவேட்டில் ஏறியதை அடிக்க இயலாது. பொருளாக இருப்பவர் ஊழியராகவும் இருக்க முடியாது என்று ஊழியர் பட்டியலிலிருந்து அவளை நீக்கினார்கள். கதவடைத்த பிறகு பொருள் வெளியே போகக் கூடாது என்பதால் அவள் பெஞ்சிலேயே படுத்தாள், துப்புரவுக்காரி போர்வை கொண்டுவந்து கொடுத்தாள். நெட்டையர் வீட்டுக்குத் தனியாகப் போய், எட்டடிக் கூடத்தில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டார். அவருக்கு இன்னும் இருபத்தாறு நாள்தான் இருந்தது. அதற்கப்புறம் தினமும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பெண்டாட்டியைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும், திங்கட்கிழமை விடுமுறை. "என்னங்க, எனக்கு முதுகு ஒடியுது. வீட்டுக்குப் போவோம்" என்று ஒருநாள் விதியை மீறி அவள் சொன்னாள். அவர் விதியை மீறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏதாவது பண்றேன், அழாத" என்றார். அப்படிச் சொன்னாரே தவிர, அவரும்தான் அழுதார்.

கடைசி நாளன்று அவர் மேற்பார்வையாளர் மேசையில் ஒரு படிவத்தை வைத்தார். படங்களை வேறு அருங்காட்சியகங்களுக்கு இரவல் கொடுக்கும் படிவம். இத்தனை வருஷத்தில் எத்தனை படங்கள் பெட்டியில் ஏறிப் போய்த் திரும்பியதை வாசலில் நின்று பார்த்திருக்கிறார்! பொருள் எண் நான்கின் கீழ் நாற்பத்திரண்டு. வைக்கப்படும் இடம் மூன்றாம் மாடி, எட்டடிக் கூடம். நேரடி வெயில் படாது, ஈரம் குறைவு, இரவல் பெறுபவர் அனுபவமுள்ள காவலர். எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருந்தார்.

"எதுக்காக இரவல்னு ஒரு கட்டம் இருக்கே, அதை விட்டுட்டீங்க" என்றது சாம்பல் நிறம்.

"பார்வைக்கு" என்றார் நெட்டையர்.

ஒரு வருஷத்துக்கு இரவல் தரப்பட்டது, வருஷாவருஷம் புதுப்பித்துக்கொள்ளலாம். இரண்டு ஆட்கள் பெட்டியும் வைக்கோலுமாக வந்தார்கள். சின்னக்கா அவர்களைப் பார்த்த பார்வையில் பெட்டியைத் திருப்பி எடுத்துப்போனார்கள். இருவரும் பேருந்தில் போனார்கள், முழு டிக்கெட்.

அதிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை பழுதுபார்ப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண் பூதக்கண்ணாடியும் கைவிளக்கும் எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தாள். நிலைமை அறிக்கை எழுத வேண்டும். சின்னக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தைக் காட்டுவாள். நெற்றியில் குறுக்கு வெடிப்பு ஐந்து, போன வருஷம் நான்கு. நிறம் மங்கல் லேசாக. கீழ்ப்பகுதியில் வீக்கம். ஆறாம் வருஷம் எழுதி முடித்துவிட்டு அந்தப் பெண் பேனாவை மூடினாள்.

"அம்மா, ஒரு வாரம் எங்க பிரிவுக்கு வந்தீங்கன்னா வெடிப்பெல்லாம் அடைச்சுடலாம். முட்டிகூடச் சரியாயிடும். நாப்பது வயசு மூஞ்சி வந்துடும் உங்களுக்கு. எல்லாப் பொருளுக்கும் செய்யறதுதான்."

அன்றைக்குச் சின்னக்காவுக்கு நிஜமாகவே வலி தாங்கவில்லை. காலையில் பாயிலிருந்து எழ அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நெட்டையர் அவள் முகத்தைப் பார்த்தார், போய்விட்டு வா என்று சொல்லவும் அவருக்கு மனசிருந்தது. அவள் முட்டியைத் தடவிவிட்டுக்கொண்டாள்.

"வேணாம்மா" என்றாள். "நாப்பது வயசுல நான் எப்படி இருந்தேன்னு இவருக்குத் தெரியாது. இந்த மூஞ்சியைத்தான் இவர் பாத்திருக்கார். மாத்திட்டா மறுபடி யாரோ ஒருத்தி வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்."

அந்தப் பெண் பேனாவைத் திறந்து, பழுதுபார்ப்பு தேவையில்லை என்று எழுதினாள். இரவல் பெற்றவர் என்ற இடத்தில் நெட்டையர் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருஷத் தேதியைக் குறித்துக்கொண்டு அவள் கிளம்ப, "இரும்மா, டீ போடறேன், மூணு மாடி இறங்கணும்ல" என்று சொல்லிவிட்டு, சின்னக்கா ஒரு கையை முட்டியிலும் ஒரு கையை அவர் தோளிலும் ஊன்றி எழுந்து அடுப்படிக்குப் போனாள்.