சுபாஷினி ரீச்சரின் ஏசி

1

இந்தக் கதை ஒரு ஏச்சில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் ஏசி கழுவுகிறவன். வீடு வீடாகப் போய், சுவரில் மாட்டியிருக்கும் ஏசியைத் திறந்து, அழுக்கெடுத்து, திரும்ப மூடிவிட்டு வருவது என் வேலை. வேலை முடிந்ததும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். அதன் அடியில் 'குறிப்பு' என்று போட்டு இரண்டு கோடு அடித்திருப்பார்கள். எல்லாரும் அதில் 'கழுவியாயிற்று' என்று எழுதுவார்கள். நான் ஒருநாள் அந்த இரண்டு கோட்டில் அடங்க முடியாமல் தாளைத் திருப்பி, பின்பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் சூப்பர்வைசர் யேசுரட்ணம் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அழகுமுத்து, இது என்ன ஐசே? குறிப்புக் கேட்டா கதை எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்!" என்று எல்லாருக்கும் கேட்கச் சத்தம் போட்டார்.

கதை என்று முதலில் சொன்னது அவர்தான். நான் இல்லை.

(நாற்பத்துமூன்று வயதுவரை எனக்காக அந்த இரண்டு கோட்டையும் நிரப்பியவன் என்னோடு வேலைக்கு வரும் ஷெல்டன். அதன் பிறகுதான் எழுதப் பழகினேன். எப்படிப் பழகினேன் என்பது வேறு கதை. அதற்காக இன்னும் யாரும் என்னை ஏசவில்லை.)

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

'வெள்ளவத்தையில் கடற்காற்று இதமாக வீசிய ஒரு காலைப் பொழுதில்' — அடித்துவிட்டேன். கடற்காற்று எங்களுக்கு இதம் இல்லை. துரு.

'குரலை இழந்த ஒரு பாடகியின் கண்ணீர்' — இதையும் அடித்துவிட்டேன். ரீச்சர் பாடகி இல்லை, பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவர். கண்ணீரையும் நான் பார்க்கவில்லை.

'காலை ஒன்பதே காலுக்கு ஏணியோடு மூன்றாம் மாடிக்கு ஏறினோம். லிஃப்ட் வேலை செய்யவில்லை.' இது நிற்கட்டும். இதற்கு என் முழங்கால் சாட்சி.

ஏணியின் மற்ற முனையில் ஷெல்டன். அவன் கொட்டாஞ்சேனைக்காரன், நான் கிராண்ட்பாஸ்; இரண்டும் கொழும்புதான். பதினாறு வருஷமாக ஒரே ஏணியைத் தூக்குகிறோம். அவனுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.

"மச்சான்," என்றான் இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, "கீழ்வீட்டுக்காரனுக்கு ஏசி அழுக்காகவே ஆகாதா? நமக்கு வாறதெல்லாம் சொர்க்கத்துக்குப் பக்கத்து வீடு."

"பேசாம ஏறுடா. பேசுனா ஏணி கனக்குது."

3

கதவைத் திறந்தவர் ஒன்றும் பேசவில்லை. கையால் உள்ளே வரச் சொன்னார்.

"கோவமா இருக்கிறா போல," என்றான் ஷெல்டன் என் காதில்.

கோபம் இல்லை. குரல்தான் இல்லை. சுபாஷினி ரீச்சர் பேசியபோது உதடு அசைந்தது, காற்று மட்டும் வந்தது.

"அண்ணை, எனக்குச் சத்தம் வராது. கொஞ்சம் கிட்ட வாங்கோ. ஒன்பது மாசமா இப்பிடித்தான்."

கிட்டப் போனேன். அவர் சொன்னதை என் வசனத்தில் சுருக்கித் தருகிறேன். முன்னறைதான் சங்கீத வகுப்பு. காலி வீதி பஸ் சத்தத்துக்குச் சன்னல் திறக்க முடியாது, அதனால் நாள் முழுக்க ஏசி. போன வருஷம் அதிலிருந்து நனைந்த சாக்கு நாற்றம் வரத் தொடங்கியது. பிள்ளைகள் தும்மினார்கள். ரீச்சருக்குத் தொண்டை அடைத்தது. தொண்டை டொக்டர் பார்த்துவிட்டுத் தொண்டையில் பிழை இல்லை என்றார், ஏதோ மருந்து மட்டும் கொடுத்தார். பதின்மூன்று பிள்ளைகளில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

"முந்தி வந்தவையளும் மூண்டு தரம் கழுவினவை. ஒரு கிழமை நல்லா இருக்கும். பிறகு அதே மணம்."

பிறகு தன் கைப்பேசியை நீட்டினார். பெற்றோருக்கு எழுதி வைத்த செய்தி. ஞாயிற்றுக்கிழமையோடு வகுப்பை நிறுத்துகிறேன், பிள்ளைகளைப் பம்பலப்பிட்டியில் இன்னொரு ரீச்சரிடம் சேர்த்து விடுகிறேன் என்று இருந்தது.

"இன்னும் அனுப்பேல்லை. நீங்கள் பாத்து முடியட்டும் எண்டு வைச்சிருக்கிறன்."

(இந்தப் பாத்திரத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வாசகருக்கு இரக்கம் போதாதோ என்று முதல் பிரதியில் ரீச்சரை விதவையாக்கினேன். அவருடைய கணவர் தயாபரன் அப்போது பக்கத்து அறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பிரதியில் அவரை உயிர்ப்பித்துவிட்டேன்.)

4

மூடியைக் கழற்றினேன். வலை சுத்தம். முன்பக்கத் தகடுகள் சுத்தம். முன்பு வந்தவர்கள் கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் ஒழுங்காகத்தான் கழுவியிருந்தார்கள். டோர்ச்சை அடித்து உள்ளே பார்த்தேன்.

ஏசிக்குள்ளே காற்றைத் தள்ளுவதற்கு நீளமான ஓர் உருளை சுற்றும். சீப்பைச் சுருட்டி வைத்தது போல அதில் நூற்றுக்கணக்கான இதழ்கள். இந்த உருளையில் இதழுக்கு இதழ் இடைவெளியே இல்லை. விரலை விட்டேன். சாதாரண அழுக்கு என்றால் வழுக்கும். இது பிடித்துக்கொண்டது, பலாப்பால் மாதிரி.

உருளையை வெளியே எடுத்துத்தான் கழுவ வேண்டும். அதை மோட்டாரோடு பிடித்திருப்பது ஒரேயொரு ஸ்குரூ. கடலுக்குப் பக்கத்து வீடு; ஸ்குரூ துருவில் மூழ்கிக் கிடந்தது. அதன் தலை தேய்ந்தால் உருளை வராது. இழுத்து எடுத்தால் மோட்டார் போய்விடும். மெசினுக்குப் பதினொரு வயது, சாமான் கிடைக்காது. பத்து வயது தாண்டிய மெசினில் உருளையில் கைவைக்கக் கூடாது என்பது எங்கள் ஒஃபீஸ் சட்டம்.

யேசுரட்ணத்துக்கு அழைத்தேன்.

"ஐசே, வெளியால கழுவிப்போட்டு வாரும். உடைஞ்சா ஆர் பதில் சொல்றது?"

அவர் சொன்னது பிழை இல்லை. நானே பல வீடுகளில் வெளியால் கழுவிவிட்டு இறங்கியிருக்கிறேன். (இதை எழுத விருப்பமில்லை. எழுதிவிட்டேன்.)

ஏணியிலிருந்து இறங்கி ரீச்சரிடம் சொன்னேன்: "அம்மா, வெளிய கழுவுனா ஒரு வாரம் நல்லா இருக்கும், அப்புறம் பழையபடிதான். உள்ளுக்கு இருக்கிறத எடுத்தா ஒண்ணு சரியா வரும், இல்லாட்டி மெசினே போயிரும். அதோட வகுப்பும். நீங்கதான் சொல்லணும்."

அவர் கைப்பேசியைப் பார்த்தார். ஏசியைப் பார்த்தார்.

"எடுங்கோ."

வெறும் காற்றுதான். ஆனால் ஏணிக்கு அந்தப் பக்கம் நின்ற ஷெல்டனுக்கே கேட்டது.

5

திருகினேன், அசையவில்லை. எண்ணெய் விட்டேன். காத்திருந்தேன். தட்டினேன். திருகினேன், அசையவில்லை. எண்ணெய் விட்டேன்.

இப்படியே இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். இந்தக் கதையைத் தட்டச்சு செய்கிறவள் என் மகள் நிரோஷா. ஃபொட்டோகொப்பிக் கடையில் வேலை.

"அப்பா, ஒரு ஸ்குரூவுக்கு ரெண்டு பக்கமா? யாருப்பா படிப்பாங்க?"

"நான் நாப்பது நிமிசம் நின்னேன். அவங்க ரெண்டு நிமிசம் நிக்கட்டுமே."

"நிக்க மாட்டாங்கப்பா. போயிருவாங்க."

அதனால் ஒரு பத்திக்கு ஒத்துக்கொண்டேன். ஆனால் தயவுசெய்து இந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள். கை தலைக்கு மேலே. கழுத்து பின்னால் வளைந்திருக்கிறது. கண்ணில் துரு விழுகிறது. அழுத்தம் குறைந்தால் தலை தேயும், கூடினால் உடையும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது எந்தத் தாளிலும் எழுதியில்லை, அது மணிக்கட்டில்தான் இருக்கிறது. என் மணிக்கட்டுக்கு அது தெரியும். முப்பத்தெட்டாவது நிமிடம் அரிசி அளவு இடப்பக்கம் அசைந்தது. வலப்பக்கம் திருப்பிவிட்டேன். மறுபடி இடப்பக்கம். இப்போது இரண்டு அரிசி.

பிறகு 'டிக்'.

ஷெல்டன் சிலுவை போட்டுக்கொண்டான். "அந்தோனியாரே!"

"திருகுனது நான்டா."

"நீ திருகின. விட்டது அவர்."

6

உருளையைக் குளியலறைக்குக் கொண்டுபோய், இளஞ்சூட்டுத் தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு, பல் துலக்கும் பிரஷால் இதழ் இதழாகத் தேய்த்தேன். முதல் இதழில் சூடு பட்டதுமே ஒரு வாசம் கிளம்பியது. நாற்றம் இல்லை, வாசம்.

"மச்சான்," என்றான் ஷெல்டன், "கோயில் மணக்குது."

நான் எழும்பிப் போய் முன்னறையைப் பார்த்தேன். ஏசிக்கு நேர் கீழே சாமித்தட்டு. தட்டில் சாம்பிராணிச் சட்டி.

"அம்மா, சாம்பிராணி எப்ப போடுவீங்க?"

"வெள்ளிக்கிழமையில." கொஞ்சம் நிறுத்தி, "இப்ப ஒவ்வொரு நாளும் போடுறனான். அந்த மணம் போகட்டும் எண்டு."

எல்லாம் விளங்கிவிட்டது. சன்னல் பூட்டிய அறை. கீழே புகை, மேலே அதை இழுக்கிற ஏசி. புகையிலிருந்த பிசின் உருளையில் ஒட்டியது. கொழும்பு ஈரம் அந்தப் பிசினில் தங்கியது. ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து நாறியது. நாற்றத்துக்கு மறுபடி சாம்பிராணி. நாற்றம் கூடக் கூடப் புகையும் கூடியது, புகை கூடக் கூட நாற்றமும்.

சொன்னேன். ரீச்சரின் முகம் மாறிவிட்டது.

"சாமிக்குப் போடுறது எப்பிடி அண்ணை மனுசருக்குக் கூடாமப் போகும்?"

"சாமி ஒண்ணும் செய்யலம்மா. புகை அவருக்கு எங்க போச்சு? முழுக்க ஏசியில்ல வாங்கிக்கிருச்சு."

ஒரு கணம் என்னை முறைத்தார். பிறகு தோள் குலுங்கியது. சத்தமே இல்லாமல் ஒருவர் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அழுக்குத் தண்ணீரை வீட்டுக்காரருக்குக் காட்டாமல் ஊற்ற மாட்டோம். ஷெல்டன் வாளியை இரண்டு கையாலும் ஏந்தி, தலையைக் குனிந்து கொண்டுவந்தான்.

"ரீச்சர், தீர்த்தம்."

தயாபரன் கிரிக்கெட்டை விட்டு எழும்பி வந்து எட்டிப் பார்த்தார். தார் போலக் கிடந்தது.

"ஐயோ, இதையே நாங்கள் இவ்வளவு நாளும் உள்ளுக்க எடுத்தனாங்கள்?" என்றார். பிறகு மனைவியைப் பார்த்து, "நான் நினைச்சன், நீர் என்னோட கோவத்தில கதைக்காம இருக்கிறீரெண்டு," என்றார்.

(இது அவர் செய்த பகிடியா, உண்மையா என்று இன்னும் எனக்குத் தெரியாது.)

7

மாட்டினோம். போட்டோம். ஓடியது. சாம்பிராணிச் சட்டிக்குப் பல்கனியில் இடம் பார்த்தோம்.

வெற்றியை எழுதுவது இவ்வளவு சுருக்கமாக முடிந்துவிடுகிறது. கஷ்டம்தான் பக்கம் பிடிக்கிறது.

8

முடிவு விஷயத்தில் வீட்டில் சண்டை.

நிரோஷாவின் முடிவு இது: ரீச்சருக்குக் குரல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை செய்தியை அனுப்பிவிடுகிறார். மழையில் பஸ்ஸுக்கு நிற்கிற தொழிலாளி தன் வெடித்த கையைப் பார்க்கிறான்.

"படிக்கிறவங்க அழணும்பா. நம்மளப் பத்தின கதைன்னா கட்டாயம் அழணும். அப்பதான் நல்ல கதைம்பாங்க."

எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. அப்புறம் கோபம் வந்தது. ஏணியில் ஏறுகிறவன் கதைக்குள் வந்தால் விழுந்துதான் ஆக வேண்டுமா? பதினாறு வருஷமாக நான் விழவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஷெல்டனின் முடிவு: ரீச்சர் பெரிய மேடையில் பாடுகிறார், எங்கள் இருவரையும் கூப்பிட்டு மாலை போடுகிறார். "எனக்குப் பெரிய மாலை போடு மச்சான். வாளி தூக்கினது நான்." அது நடக்கவில்லை. நடந்ததே போதும் என்னும்போது மாலை எதற்கு?

9

நடந்தது இது.

பத்தொன்பதாம் நாள், தெமட்டகொடையில் ஒரு வீட்டில் ஏணி மேல் நிற்கிறேன். கைப்பேசி அடித்தது.

"அண்ணை, கேக்குதோ?"

ஒரு பெண் குரல். கனத்த, நிமிர்ந்த குரல். யார் என்று கேட்டேன். பிழை என்னுடையது இல்லை. அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதேயில்லை.

"சுபாஷினி கதைக்கிறன். வெள்ளவத்தை."

ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

"அந்த மெசேஜை அழிச்சிட்டன் அண்ணை. நிண்டதுகள் ரெண்டும் திரும்பி வந்திட்டுதுகள். நாளைக்குப் பதின்மூண்டு பேருக்கும் வகுப்பு. அதுக்கு முதல் உங்களுக்குக் காட்டோணும் எண்டு நினைச்சன். நேரம் இருக்கோ?"

(ஒருவேளை தொண்டை தானாகவே ஆறியிருக்கலாம். ஒருவேளை டொக்டரின் மருந்து பிந்தி வேலை செய்திருக்கலாம். அப்படியென்றால் டொக்டர் தன் கதையைத் தானே எழுதட்டும். இது என் கதை. ஸ்குரூவைக் கழற்றியவன் நான்.)

"இருக்குதம்மா," என்றேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

ரீச்சர் பாடத் தொடங்கினார்.

கீழே ஷெல்டன் பிரஷைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தான். அந்த வீட்டு அம்மா, சிங்களவர், குசினியிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்து, "கவுத மே?" என்று, யார் இது என்று, கேட்டார்.

"அபே ரீச்சர், நோனா," என்றான் ஷெல்டன். எங்கள் ரீச்சர். பத்து வருஷம் அவரிடம் பாட்டுப் படித்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

குரல் ஒரு இடத்தில் மேலே ஏறியது. இனி உடையும் என்று நினைத்தேன். இன்னும் ஏறியது. அங்கே போய் நின்றது. அவசரமே இல்லாமல், தன் சொந்த வீட்டில் நிற்கிற மாதிரி நின்றது.

10

அது என்ன பாட்டு என்று நிரோஷா கேட்கிறாள். அது இல்லாமல் கதை முடியாதாம்.

எனக்குத் தெரியாது. சங்கீதம் நான் படிக்கவில்லை, கேட்டறியவும் வெட்கமாக இருந்தது. ஒரு பெயரை இட்டுக்கட்டி எழுதலாம். விதவையை இட்டுக்கட்டியவனுக்கு அது பெரிய வேலையா? ஆனால் இந்த இடத்தில் பொய் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆகவே அதை உங்களிடம் விடுகிறேன். உங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டை எடுங்கள். மேலே போகிற பாட்டாக இருக்க வேண்டும். கண்ணால் வாசித்தது போதும், வாயைத் திறந்து பாடுங்கள். பக்கத்தில் இருப்பவர் யார் அது என்று கேட்டால், நீங்கள்தான் என்று சொல்லுங்கள்.

நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தொடங்குங்கள்: