ஏ. வூக்கா என்கிற அவுக

சேதுலட்சுமி லைப்ரரி பார்த்துக்கொள்கிறாள் என்று கேள்விப்பட்ட நாத்தனார், வாரப் பத்திரிகை ரெண்டு எடுத்துவரச் சொன்னாள். இது புத்தகமில்லாத லைப்ரரி என்று விளக்கப் போய் வாய் வலித்ததுதான் மிச்சம். கடலில் தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று கணக்குப் போடும் புரோகிராம்களின் மூட்டை அது. உலகத்தில் யாரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், சும்மா திருத்தலாம். அப்படிச் சும்மா திருத்துகிறவர்களில் தலைமைச் சும்மா இவள்தான். கடலாடியில் பிறந்து, எம்.எஸ்சி. கணக்குப் படித்து, தேவிபட்டினத்துக்கு மேற்கே மிளகாய் போடுகிறவருக்கு வாழ்க்கைப்பட்டவள். எட்டு வருஷமாக ஹமீது சுல்தானின் பிரவுசிங் சென்டரில் மூலைக் கம்ப்யூட்டர் அவளுக்கென்றே கிடந்தது.

இரண்டாயிரத்து எட்டில் அந்த மூட்டையைப் பிரித்துப் புதுசாகக் கட்டினார்கள். எழுபதுகளில் யாரோ ஃபோர்ட்ரான் என்கிற பழைய கம்ப்யூட்டர் பாஷையில் எழுதி வைத்ததையெல்லாம் புதுப் பாஷையான பைத்தானுக்கு மாற்றி முடித்தபோது, யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்கிற லைசென்ஸையும் மாற்றுவதென்று முடிவானது. எழுதின ஒவ்வொருவரும் சம்மதம் சொல்ல வேண்டும். சொல்லாத ஆள் எழுதினதை வெள்ளிக்கிழமை வெட்டி எறிந்துவிடுவார்கள். பதினொரு பேர் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆள் மட்டும் அகப்படவில்லை. பெயர் ஏ. வூக்கா.

சம்மதம் வாங்கும் பொறுப்பேற்றிருந்த நார்வேக்காரி இங்க்ரிட், பெயரின் ஓசையை நம்பி ஆப்பிரிக்கா முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டாள். ஒரு ஜெர்மன்காரர், வூக்கா செர்பியாவில் காலமாகிவிட்டார் என்று அஞ்சலியே எழுதிவிட்டார். அடக் கொடுமையே!

உயிரோடிருக்கும் வூக்கா யாரென்று சேதுலட்சுமிக்கு மட்டும் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால், இந்தக் கரையில் கடல்மட்டம் அளக்கும் கருவியின் அளவுகள் ஏன் கோணல்மாணலாக வருகின்றன என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூட்டிப்போக வந்த புருஷன் திரையை எட்டிப் பார்த்தார். "கரண்டு போயிட்டு வந்தா நம்ம மோட்டாரே மொதப் பத்து வாளி கலங்கலாத்தான் எறைக்கும். அந்தப் பத்தக் கீழ ஊத்து" என்றார். மின்சாரம் போய் வந்ததும் பதிவான முதல் பத்து அளவுகளை ஊற்றினாள். கணக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. மின்வெட்டே பார்க்காத ஊர்க்காரர்களுக்கு அது ஏழு ஜென்மத்துக்கும் தோன்றியிருக்காது. 'எழுதியவர்' என்ற கட்டத்தில் கட்டின புருஷன் பெயரை எப்படிப் போடுவது? 'அவுக' என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்துவிட்டாள். அந்தப் பத்தை ஊற்றுகிற புரோகிராம் துண்டுக்கு, அதாவது ஃபங்ஷனுக்கு, அதே பெயரைத்தான் வைத்தாள். முதலெழுத்தை இனிஷியலாகப் பிரித்துக்கொண்டது வெள்ளைக்காரர்களின் கைங்கரியம்.

"வூக்கா பேருல நாமளே ஒரு மெயிலத் தட்டிவிட்ருவமா தங்கச்சி?" என்றார் ஹமீது சுல்தான்.

"கள்ளக் கையெழுத்துக்கு வேற ஆளப் பாருங்கண்ணே."

வெடுக்கென்று சொல்லிவிட்டாளே தவிர, வேறு வழி அவளுக்கும் தெரியவில்லை. அந்தப் பத்து வாளி யோசனை போனால் இந்தக் கடலின் கணக்கே போச்சு. அதைவிட, மனுசன் உலகத்துக்குக் கொடுத்த ஒரே யோசனை, தன் நாக்கு புரளாததால் குப்பைக்குப் போகப்போகிறதே என்று அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரையே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இன்டர்நெட் போனில் எல்லாரும் காத்திருந்தார்கள்.

"வூக்கா என் கணவர். பக்கத்தில் இருக்கிறார்" என்றாள் இங்கிலீஷில்.

"அவர் முழுப்பெயர் என்ன?" என்றாள் இங்க்ரிட்.

சேதுலட்சுமி திரும்பினாள். "ஏங்க, பேரச் சொல்லுங்க."

"நீயே சொல்லு." மீசைக்குள் சிரித்தார். "கல்யாணமாயி பதினோரு வருசமாச்சு. ஒரு தடவையாச்சும் காதுல கேக்கணும்ல."

"வெளையாடுற நேரமா இது?"

"நீ சொன்னாத்தான் சம்மதம்."

திமிரைப் பார்! அவள் பல்லைக் கடித்துக்கொண்டு போன் பக்கம் குனிந்தாள். "எர்த்... எர்த்துக்குத் தலைவர்."

"மிஸ்டர் எர்த்?" என்றாள் இங்க்ரிட்.

ஜெர்மன்காரர் எழுத்துக்கூட்டிக் கேட்க ஆரம்பித்தார். இன்னொரு அஞ்சலி வந்துவிடும் போலிருந்தது. சேதுலட்சுமி கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினாள்.

"பூமிநாதன்!"

சென்டரே திரும்பிப் பார்த்தது. ஹமீது சுல்தான் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். பூமிநாதனுக்குச் சிரிப்பெல்லாம் போய்க் காது சிவந்துவிட்டது. சம்மதமா என்று இங்க்ரிட் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? சேதுலட்சுமி விலாவில் ஒரு இடி இடித்தாள்.

"யெஸ், யெஸ்" என்றார்.

எழுதியவர்கள் பட்டியலில் பூமிநாதன் ஏறினார். ஃபங்ஷனின் பெயரை மட்டும் மாற்ற அவள் விடவில்லை. அது அவுகவாகவே இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியை மெதுவாக விட்டார்.

"ஏ சேது, இன்னொருக்காச் சொல்லேன்."

"அடுத்த வெர்ஷன் வரட்டும், பாப்போம்" என்றாள் அவள், பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு.