மிசுமியின் பல்

...பல்தான், சந்தேகமே இல்லை, என் நடுவிரல் முட்டிக்குள் பாதி இறங்கி நிற்கிறது, ஆலை நர்ஸ் இடுக்கியால் பிடித்து ஆட்டும்போது தோள்வரை சுளீர் என்கிறது, கத்தக் கூடாது, பல்லுக்குச் சொந்தக்காரன் பக்கத்து நாற்காலியில் ஐஸ் பையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அவன் முன்னால் நான் கத்துவதா... மிசுமி, பதினாறு வருஷம் என் கீழே வேலை பார்த்தவன், கேமரா பிலிமுக்கு மருந்து பூசும் கூடத்தின் கும்மிருட்டில் நான் தும்மினால்கூட எந்தத் தொட்டிப் பக்கம் நிற்கிறேன் என்று சொல்லிவிடுவான். இன்று காலை அந்தக் கூடத்தில் எல்லா விளக்கையும் போட்டுவிட்டார்கள், இனி இருட்டு எதற்கு, பிலிம் வாங்கத்தான் ஆளில்லையே, மூன்றாம் நம்பர் இயந்திரத்தை உடைக்க ஆட்கள் வந்திருந்தார்கள், எங்களையும் கூட நின்று உடைக்கச் சொன்னார்கள், எது எங்கே கழலும் என்று எங்களுக்குத்தானே தெரியும்... நான் சம்மட்டியை எடுத்தேன். முதல் அடியிலேயே உருளை வீலென்று அலறியது, இரண்டு, மூன்று, நாலு, எவனோ "போதும் குராத்தா, போதும்ப்பா" என்றான், எனக்குப் போதவில்லை.

அப்போதுதான் இந்த மிசுமி வந்தான், வெள்ளைக் கோட்டு, கூட இரண்டு பெண்கள், போன வருஷமே கம்பெனியின் புது முகக் கிரீம் பிரிவுக்கு மாறிப் போனவன், படம் மங்காமல் காத்த மருந்து முகத்தையும் மங்காமல் காக்குமாம், பிலிமுக்குக் காய்ச்சிய ஜெலட்டினும் மனுஷத் தோலும் ஒரே வம்சமாம், எங்கள் ஜெலட்டின் தொட்டிகளைத் தன் பிரிவுக்கு எடுத்துக்கொள்ளப் பார்க்க வந்திருக்கிறான். "அண்ணே, கையக் காட்டுங்க" என்றான், இருபத்தேழு வருஷ மருந்தில் வெடித்துப்போன கை, அதில் கிரீமைத் தடவினான். "திங்கக்கிழமையிலேருந்து எங்க பக்கம் வந்துடுங்க. இந்த வயசுல சம்மட்டியா தூக்குவாங்க? இப்படி ஒரு கை எங்க ஆராய்ச்சிக்குத் தேடினாலும் கெடைக்காது!" பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், நான் அடித்தேன். சிரிப்புக்காகவா? இல்லை, சிரிப்பை நான் பொறுத்திருப்பேன்... கிரீம் ஜில்லென்று இருந்தது, வருஷக்கணக்கான எரிச்சல் அடங்கியது, சுகமாக இருந்தது, அந்தச் சுகத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. விழுந்தவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தேன், நண்டு ஓடு நசுங்கியது போல அவன் மூக்கில் ஒரு சத்தம், கை வழுக்கியது, ரத்தமா கிரீமா, திரும்பவும் ஓங்கி வாயில் விட்டேன், அவனும் சும்மா இருக்கவில்லை, கைக்கு எட்டிய குறடை எடுத்து என் விலாவில் இறக்கினான், "நான் மட்டும் ஆசப்பட்டா போனேன்? மூணு மாசம் தூங்கலடா நானு! தெரியுமாடா உனக்கு?" பதினாறு வருஷத்தில் முதல் 'டா'... நாலு பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள்.

பல் வந்துவிட்டது, தட்டில் டங்கென்று விழுகிறது, அந்த நேரம் பார்த்தா மேனேஜர் ஒகினோமே உள்ளே வர வேண்டும், என் வேலை போச்சு, போகட்டும், போலீஸைக் கூப்பிடுவாரா... "என்னய்யா நடந்துச்சு?" மிசுமி ஐஸ் பையை எடுக்கிறான். "இயந்திரத்து மேலேருந்து விழுந்துட்டேன் சார். அண்ணன் தூக்க வந்தாரு, அவருக்கும் அடி." மேனேஜர் தட்டைப் பார்க்கிறார். "அப்போ உன் பல்லு அவர் கைக்குள்ள எப்படிய்யா போச்சு?" "தூக்கும்போது மாட்டிக்கிச்சு சார்." நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார், "சரி, அப்படியே எழுதிக்கிறேன்" என்று போய்விட்டார், அவ்வளவுதான், முடிந்துவிட்டது, நர்ஸ் என் விரலில் தையல் போட்டுக் கட்டுக் கட்டுகிறாள். மிசுமி என்னைப் பார்க்காமலே, காற்றுப் போகும் வாயால், "திங்கக்கிழமை எட்டு மணி. லேட்டா வராதீங்க" என்கிறான்.

நன்றி சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், தலை குனிய வேண்டும்... குனிந்தேன், மனதாரத்தான் குனிந்தேன், ஆனால் கட்டுக்குள் விரல்கள் தாமாக மடங்குகின்றன, தையல் இழுக்கிறது, இன்னும் ஒரே ஒரு அடி, இவ்வளவு தூரம் அவன் என்னைக் காப்பாற்றிய பிறகுமா... காப்பாற்றியதால்தானோ?