ஃப்ளோரா இட்லி சாப்பிட்ட காலை

பதினோரு வருஷமாக ஆம்ப்ரோஸ் வாத்தியார் ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் செய்த காரியங்கள் இரண்டு. லஸ் மாதா கோயிலில் பூசை காண்பது ஒன்று. பூசை முடிந்த கையோடு சிநேகிதர்கள் வால்டரையும் பவுல்சாமியையும் கூட்டிக்கொண்டு கௌரி விலாஸ் ஓட்டலுக்குள் நுழைந்து இட்லி, வடை, காபி என்று வெளுத்துக் கட்டுவது இன்னொன்று. பூசையில் நன்மை வாங்குகிறவர்கள், அதாவது நற்கருணை அப்பம் உட்கொள்கிறவர்கள், நடுராத்திரி முதல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருக்க வேண்டும் என்பது திருச்சபைக் கட்டளை. அதை மனுஷர் அட்சரம் பிசகாமல் அனுசரித்தார். பிறகு அதே சிரத்தையோடு சாப்பிட்டார்.

அவர் மனைவி ஃப்ளோராவும் அதே பூசைக்குத்தான் வந்தாள். அதே நன்மையைத்தான் வாங்கினாள். ஆனால் கோயில் வாசலிலிருந்து நேரே வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைப்பாள். அவளுக்கும் பசிக்கும் என்பது வாத்தியார் மண்டையில் ஒரு நாளும் ஏறியதில்லை. கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தனக்குச் சௌகரியமானதை மட்டும் யோசிக்கிற நல்லவர். அந்த ரகம் ஊரில் ஏராளம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலில் ஃப்ளோராவுக்கு வயிற்றில் கட்டி என்று கன்னியர் நடத்தும் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அறுத்து எடுத்தால் பிழைத்துக்கொள்வாள், தாமதித்தால் சொல்ல முடியாது என்றார்கள். சண்டைக் காலம். வெள்ளைக்காரச் சர்ஜனைப் பட்டாளத்துக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டதால் ஒரு தடவை தேதி தள்ளிப்போய், அந்த ஒன்றரை மாதத்தில் அவள் பாதி உடம்பாகிவிட்டாள். இப்போது மறுபடி தேதி கிடைத்தது. படுக்கைதான் கிடைக்கவில்லை. ஆகவே ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் வந்தால் போதும் என்று முதல் நாளே பெரிய சிஸ்டர் இருவரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"விடியக்காலைப் பூசை கண்டு நன்மை வாங்கிக்கிட்டு எட்டு மணிக்கு வந்துடுங்க. நடுராத்திரிக்கு மேல தண்ணிகூட வாயில படக்கூடாது."

ஆம்ப்ரோஸ் சிரித்தார். "அதை எங்களுக்குச் சொல்லணுமா, சிஸ்டர்? கோயில்ல பிள்ளைங்களுக்கு ஞானோபதேசம் கத்துக்கொடுக்கிறவனாச்சே நான்!"

சிஸ்டரும் சிரித்துவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார்.

மறுநாள் பூசை முடிந்து வெளியே வந்ததும் ஃப்ளோராவுக்குத் தலை சுற்றியது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. அதைப் பார்த்த வாத்தியாருக்கு நெஞ்சை என்னவோ பண்ணியது. நன்மை வாங்கியாகிவிட்டது, விரதம் முடிந்தது, இனி இவளை எதற்குப் பட்டினி போட வேண்டும் என்று நினைத்தார்.

"வா, கௌரி விலாஸுக்குப் போகலாம்."

"நானா? அங்கே பொம்பளைங்க வருவாங்களா?"

"குடும்பத்தோட வர்றவங்களுக்குத் தனி ரூம் வச்சிருக்கான். வா."

கௌரி விலாஸுக்கு ஊரில் நாலு கிளை. ராயப்பேட்டையில் ஒரே சமையற்கட்டு. அங்கே கொதிக்கும் சாம்பார் அண்டா அண்டாவாக மாட்டுவண்டியேறி மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர் என்று போகும். எந்தக் கிளையில் உட்கார்ந்தாலும் அதே தண்ணிச் சாம்பார், அதே ஆறிய வடை. ரேஷன் வந்த பிறகு இட்லியில் அரிசி எவ்வளவு, வேறு என்ன எவ்வளவு என்பது கடவுளுக்கும் முதலாளிக்கும்தான் வெளிச்சம். ஆனாலும் வயிறு நிறையும், விலை மலிவு.

திரைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஃப்ளோரா மேஜையைத் தொட்டுப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். சர்வர் இலையைப் போட்டு இட்லியை வைத்ததும் கையைக் குவித்துச் சின்னதாக ஒரு ஜெபம் சொன்னாள். பிறகு இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்து வாயில் போட்டாள்.

"நல்லாருக்குங்க."

"இது நல்லாருக்கா? பவுல்சாமி இதைச் சுண்ணாம்புன்னு சொல்வான்."

"நான் ஆக்காம ஒரு வாய் சாப்பிடுறேனே, அதுவே ருசிதான்." அவள் சிரித்தாள். "நாம ரெண்டு பேரும் இப்படி ஒண்ணா உக்காந்து சாப்பிட்டதே இல்லை, தெரியுமா? நீங்க சாப்பிட்டு எழுந்தப்புறம்தானே நான் உக்காருவேன்."

அதில் குறை சொல்லும் தொனி இல்லை. அதனால்தான் வாத்தியாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பதினோரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளையும் இந்த ஒரு வேளையில் ஈடுகட்டிவிட வேண்டும் என்ற வேகம் வந்துவிட்டது. இன்னும் ரெண்டு இட்லி, ஒரு வடை என்றார்.

"போதுங்க. வயிறு பாரமா இருக்கு."

"சாப்பிடு. இனிமே நாலு நாளைக்குக் கஞ்சித் தண்ணிதான் தருவாங்க."

அவர் மனசு நோகக் கூடாதே என்று அவள் அதையும் சாப்பிட்டாள். காபியும் குடித்தாள்.

ரிக்‌ஷா பிடித்துச் சரியாக எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பெரிய சிஸ்டர் கையில் காகிதத்தோடு வந்தார்.

"நடுராத்திரிக்கு மேல வயித்துக்கு ஒண்ணும் போகலையே? சர்ஜன் முதல்ல அதைத்தான் கேட்பார். சாப்பிட்டிருந்தா இன்னைக்கு முடியாது."

வாத்தியாருக்குச் சுரீர் என்றது. அந்தப் பட்டினி நன்மைக்காக மட்டும் சொன்னதல்ல என்று அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது. வாயைத் திறந்தார். ஃப்ளோரா அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை பேருக்கு முன்னால் இவர் திட்டு வாங்குவாரே, மறுபடி தேதி தள்ளிப்போகுமே என்று நினைத்தாளோ என்னவோ.

"இல்லை, சிஸ்டர்" என்றாள்.

அவளை உள்ளே அழைத்துப் போனார்கள். போகும்போது திரும்பிப் பார்த்து, ஒன்றுமில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

வராந்தாவில் ஆயா ஜானு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் சும்மா பேச்சுக் கொடுப்பதுபோலக் கேட்டார்.

"ஏம்மா, ஆபரேஷனுக்கு முன்னாடி யாராவது சாப்பிட்டுட்டா என்ன ஆகும்?"

"இன்னா வாத்தியாரே, இப்டி கேட்டுகினு கீற? மயக்கம் குடுக்க சொல்லோ துன்னதெல்லாம் மேல வந்து மூச்ச அடச்சிடும். ஆளே பூடும். அதுக்குத்தான் பட்டினி போட்றாங்கோ. உன் சம்சாரம் ஒண்ணும் துன்னலியே?"

"இல்லை" என்றார் வாத்தியார்.

எழுந்தார். ஆபரேஷன் அறைக் கதவு வரைக்கும் போனார். உள்ளே தட்டில் கத்திகளை அடுக்கும் சத்தம் கேட்டது. சர்ஜன் இங்கிலீஷில் என்னவோ அதட்டிக்கொண்டிருந்தார். தட்டினால் திறப்பார்கள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னால் சர்ஜன் கத்துவார். கன்னியர்களுக்கு முன்னால் ஃப்ளோரா பொய் சொன்னவளாக நிற்பாள். ஞானோபதேச வாத்தியார் பெண்டாட்டியே பொய் சொன்னாள் என்று கோயில் முழுக்கப் பேசுவார்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதே, இந்நேரம் ஜீரணமாகியிருக்கும் என்றும் ஒரு நினைப்பு வந்தது. வேண்டிய நேரத்தில் வந்து கைகொடுக்கிற நினைப்பு அது. அவர் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து ஜெபமாலையை எடுத்து உருட்ட ஆரம்பித்தார். கோழை என்பதைத் தவிர அவரைச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை இல்லை.

ஜெபமாலையில் மூன்றாவது பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் உள்ளே ஓடும் சத்தம் கேட்டது. யாரோ சுவாமியாரைக் கூப்பிடுங்கள் என்றார்கள். சுவாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற தைலத்தோடு உள்ளே போனார். போன வேகத்தில் வெளியே வந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெரிய சிஸ்டர் வந்து வாத்தியாருக்கு எதிரே நின்றார். அவருடைய வெள்ளை அங்கி முன்புறம் நனைந்திருந்தது.

"கத்தியே வைக்கலை, வாத்தியாரே. மயக்கம் கொடுக்கும்போதே போயிட்டாங்க. வயிறு நிறைய இருந்திருக்கு. நான் அவ்வளவு கேட்டேனே, இல்லைன்னு சொன்னாங்களே. ஏன் அப்படிச் சொன்னாங்க?"

ஆம்ப்ரோஸ் ஜெபமாலையைக் கையில் இறுக்கிக்கொண்டு எழுந்து நின்றார். அழுதார். அது நிஜமான அழுகைதான்.

"தெரியலை, சிஸ்டர்" என்றார். "எனக்குத் தெரியாம எதையாவது சாப்பிட்டிருப்பா."

சிஸ்டரின் கண்கள் கலங்கின. "பாவம், பசி தாங்கலை போலிருக்கு. நீங்க மனசைப் போட்டு வருத்திக்காதீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்லை."

"சரி, சிஸ்டர்" என்று அவர் கைகூப்பினார்.