மூட்டைப்பூச்சி வராத சாக்கு

காபிச் சாக்கில் மூட்டைப்பூச்சி அண்டாது என்பது ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. கொட்டையைச் சுத்தம் செய்து கப்பலேற்றும் காபி ஒர்க்ஸில் சொத்தை நீக்கிக் கொட்டை பொறுக்கப் போகும் பெண்கள்தான் அதைக் கண்டுபிடித்தவர்கள். தீபாவளிக்கு முதலாளி அவர்களுக்குச் சேலையா கொடுத்தார்? பழைய சாக்கு கொடுத்தார். கோடவுன் சுவரோரம் மக்கிக் கிடந்ததை ஆளுக்கு இரண்டாக அள்ளிக் கொடுத்துவிட்டு, தர்மப்பிரபு மாதிரி நின்று கும்பிடு வாங்கிக்கொள்வார் மானேஜர் அனந்தபத்மநாபன்.

அந்தச் சாக்கைத் துவைக்கவும் கூடாதாம். துவைத்தால் காபி வாசனை போய்விடும், பூச்சி திரும்பி வந்துவிடும் என்று ஒருத்திக்கொருத்தி சொல்லி வைத்திருந்தார்கள். அதில் படுத்த பெரியவர்களுக்குக் காலையில் தலைவலி வந்தது உண்மைதான். ஆனால் நாள் முழுக்கக் குனிந்து கொட்டை பொறுக்குகிறவளுக்குத் தலைவலி ஒரு வியாதியா?

குடகும் மைசூரும் ஒரே ராஜ்யமான அந்த வருஷத் தீபாவளிக்கு எல்லம்மாவுக்கும் இரண்டு சாக்கு கிடைத்தது. அவள் மகள் ஜானகி அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். மூட்டைப்பூச்சி கடித்துக் கடித்துப் பிள்ளையின் முதுகு முழுக்கத் தடிப்பு. எல்லம்மா இரண்டு சாக்கையும் சேர்த்துத் தைத்துப் படுக்கையாக்கிக் குழந்தையை அதில் கிடத்தினாள். ஒரு பூச்சிகூட எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளை அயர்ந்து தூங்கியது.

"சாக்கு குடுத்த மகராசன் நல்லா இருக்கணும்" என்று புருஷன் அய்யாவுவிடம் சொன்னாள். வாயார வாழ்த்தினாள், பாவி மகள்.

வாரம் திரும்புவதற்குள் குழந்தை பால் குடித்ததையெல்லாம் கக்கியது. பிறகு வலிப்பு. கண் மேலே செருகிக் கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்து வீட்டு லட்சுமம்மா ஓடி வந்து திருஷ்டி கழித்தாள், கையில் தாயத்து கட்டினாள், கட்டிவிட்டுக் குழந்தையை மறுபடியும் அந்தச் சாக்கிலேயே பத்திரமாகப் படுக்கவைத்தாள். மறுநாள் காலைக் குளிருக்கு அந்தச் சாக்கையே போர்த்தித்தான் புருஷனும் பெண்டாட்டியும் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டரம்மா குழந்தையின் கண்ணைப் பார்த்தார். பிறகு சாக்கை முகர்ந்தார். முகம் மாறிவிட்டது.

"வீட்டுல பூச்சி மருந்து ஏதாவது போட்டீங்களா?"

"இல்லீங்கம்மா. காபி சாக்கு அது. அந்த வாசனைக்கே பூச்சி வராது."

"இது காபி வாசனை இல்லம்மா. வண்டுக்குப் போடுற தூளு. சாக்கு பூரா அதுதான் இருக்கு. குழந்தை அதைத்தான் மூச்சுல இழுத்திருக்கு."

மலைத் தோட்டங்களில் காபித் தண்டைத் துளைக்கும் வண்டுக்கும் அதே தூளைத்தான் கரைத்துப் பூசுவார்கள். மழையில் கழுவி இறங்கினால் ஓடையில் மீன் வெள்ளை வெள்ளையாக மிதக்கும் என்று லாரிக்காரர்கள் கதை சொல்லிச் சிரித்ததை எல்லம்மாவும் கேட்டிருக்கிறாள். மீன்தானே என்று அவளும் சிரித்திருந்தாள்.

மத்தியானத்துக்கு முன்பே ஜானகியின் மூச்சு நின்றுவிட்டது. அய்யாவு குழந்தையைத் துணியில் சுற்றிப் புதைக்க எடுத்துப் போனான். எல்லம்மா அழவில்லை. சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக ஒர்க்ஸுக்கு நடந்தாள்.

கூடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பொறுக்கி முடித்த கொட்டை இடுப்பளவு குவிந்திருந்தது. அனந்தபத்மநாபன் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"சாமி, இந்தச் சாக்குல இன்னா போட்டீங்க?"

"மருந்து. எல்லாக் கோடவுன்லயும் போடறதுதான். இல்லேன்னா வண்டு அரிச்சுடும்."

"எங்களாண்ட ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா? சாக்கு கிடைக்குமான்னு பல்லைக் காட்டினேள், கொடுத்தேன். துவைச்சு எடுத்துக்க வேண்டியதுதானே? சுத்தம்னா என்னன்னே தெரியாத ஜனம், பழி மட்டும் என் மேலயா?"

பெண்கள் பொறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்கு இன்னும் விஷயம் புரியவில்லை. மருந்து என்றால் நல்லதுதானே? வரிசைக் கடைசியிலிருந்து சரசு கேட்டாள். "அப்போ இந்தக் கொட்டை மேலயும் அந்த மருந்து போட்டுக்கீதா சாமி?"

"அசடு! இது கப்பல் சரக்குடி. துளி வாடை அடிச்சாப் போதும், வெள்ளைக்காரன் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடுவான்."

எல்லம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஆளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எவனோ ஒருவன் குடிக்கப்போகும் காபிக்காகக் கவலைப்படத் தெரிந்திருக்கிறது.

"அவன் திருப்பி அனுப்புவான் சாமி. நான் எம்பொண்ண யாராண்ட போய்த் திருப்பிக் கேக்குறது?"

சாக்கின் இரண்டு முனையையும் பிடித்துக் கொட்டைக் குவியலின் மேல் ஓங்கி உதறினாள். வெள்ளையாகத் தூள் பறந்தது. இன்னொரு தரம் உதறினாள். அனந்தபத்மநாபன் அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தார்.

"ஐயோ, விஷம்டி! விஷம் அது! பிடிங்கோ அவளை!"

"இந்த ஒரு வார்த்தைய தீபாவளியன்னிக்கு சொல்லியிருந்தா எம்பொண்ணு செத்திருக்காது" என்றாள் எல்லம்மா.

அவளைப் பிடிக்க ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. சரசுதான் முதலில் முறத்தைக் கீழே போட்டாள். அவள் பிள்ளை அந்நேரம் வீட்டில் சாக்கின் மேல் தூங்கிக்கொண்டிருந்தது. வயிற்றில் அடித்துக்கொண்டு அவள் வாசலை நோக்கி ஓட, வீட்டில் பிள்ளையை விட்டு வந்தவர்கள் எல்லாரும் கப்பல் சரக்கை மிதித்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினார்கள்.