தேன்மொழி அக்காவின் ஜெபம்

தேன்மொழி அக்கா ஜெபம் பண்ண ஆரம்பித்தால் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும் என்று சபையில் ஒரு கேலி உண்டு. பொன்செல்வியும் அதைச் சொல்லிச் சிரித்தவள்தான். அந்தக் குரல் ஒருநாள் தன் குடும்பத்தின் தலையிலேயே வந்து விழும் என்று அவள் நினைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டில் பெண்கள் ஆறேழு பேர் கூடி வேதம் படிப்பார்கள். அன்றைக்குப் பிள்ளையில்லாமல் அழுத ஒரு பெண்ணைப் பற்றிய பகுதி. பக்கத்துத் தறிச் சத்தத்தில் யார் பேசினாலும் குனிந்துதான் கேட்க வேண்டும்.

"மனசுல இருக்கதக் கொட்டிருங்கட்டி. இங்க பேசுதது இந்த நாலு சுவத்தத் தாண்டாது," என்றாள் அக்கா.

கல்யாணமான நாளிலிருந்து மாமியார் முதல் மளிகைக்கடைக்காரி வரை 'மலடி' என்று சாடை பேசியதையெல்லாம் வாயை மூடிக்கொண்டு வாங்கியவள் பொன்செல்வி. குறை புருஷன் சுடலைராஜிடம்தான் என்று டாக்டர் சொன்ன அன்று, "இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்" என்று அவன் அவள் கையைப் பிடித்துக் கேட்டிருந்தான். இத்தனை வருஷம் காப்பாற்றியதை அன்றைக்கு உடைந்துபோய்ச் சொல்லிவிட்டாள். எல்லாரும் அழுதார்கள். அக்கா கட்டிப்பிடித்துக்கொண்டாள். பாரம் இறங்கிவிட்டது என்று நம்பி வீட்டுக்கு வந்தாள், பாவி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபைக்காக ஜெபிக்கச் சொல்லிப் போதகர் அக்காவைக் கூப்பிட்டார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். மழைக்காக ஜெபித்தாள், பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக ஜெபித்தாள். பிறகு குரல் ஏறியது.

"தறி வச்சிருக்க எங்க சகோதரன் சுடலைராஜைத் தொடும் ஆண்டவரே! அவருடைய குறைவை நீர் அறிவீர். டாக்டர் முடியாதுன்னு சொன்னதை நீர் முடியும்னு சொல்லும்! தகப்பனாகிற பெலனை அவருக்குக் கொடும்!"

சபை முழுக்க 'ஆமென்' போட்டது. பொன்செல்வி கண்ணைத் திறந்தபோது ஆண்கள் பக்கம் நாலைந்து பேர் சுடலைராஜையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் கண்ணைத் திறக்கவேயில்லை.

வீட்டுக்கு வந்தும் அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "ஊரு என்னமும் பேசிட்டுப் போகுது. நீ எப்படிட்டி சொன்ன?" என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு சாப்பாடு, படுக்கை எல்லாம் தறிக்கூடத்திலேயே என்றாகிவிட்டது.

மறுநாள் அக்காவிடமே போய்க் கேட்டாள். அக்கா உண்மையாகவே திகைத்துப்போனாள்.

"நான் ஜெபந்தானட்டி பண்ணுனேன்? பொறணியா பேசுனேன்?"

பொன்செல்வி விறுவிறுவென்று வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். இதற்குப் புறணியே பேசித் தொலைத்திருக்கலாம். புறணி பேசியவளை நடுத்தெருவில் நிறுத்தித் திட்டலாம். ஜெபம் பண்ணினவளை என்ன சொல்லித் திட்டுவது?

பொன்செல்வியிடமும் அக்காவின் ரகசியம் ஒன்று இருந்தது. பெங்களூரில் வேலை பார்ப்பதாக அக்கா பெருமையடிக்கும் மகன் கோகுல், உண்மையில் குடிநோயாளிகள் மறுவாழ்வு இல்லம் ஒன்றில் இருக்கிறான். போன மாதம் அவள் மடியில் விழுந்து அழுதபடி அக்காவே சொன்னது. திருப்பிக் கொடுக்க அது போதும் என்று மனசு கறுவியது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் பொன்செல்வி போனாள். முடிவு ஜெபத்துக்கு யார் என்று அக்கா கேட்டு முடிக்கும் முன்பே, "நான்," என்றாள். ஒருத்தி ஜெபிக்கும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது. அது அக்கா போட்ட சட்டம்தான்.

"ஆண்டவரே, தேன்மொழி அக்கா மகன் கோகுலுக்காக வாரேன்..."

அக்காவின் கை வந்து அவள் முழங்கையைப் பிடித்தது. வார்த்தை பொன்செல்வியின் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் இனிக்கும் என்றும் தெரிந்தது. தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டேயிருந்தது.

"அவன் எங்கன இருந்தாலும் நல்லாருக்கட்டும். ஆமென்."

வாசலில் செருப்பை மாட்டும்போது அக்கா பின்னாலேயே ஓடிவந்தாள். முகமெல்லாம் கண்ணீர். "உசுரே போயிட்டுட்டி எனக்கு. ஆனா நீ சொல்லமாட்டன்னு நம்பிட்டுதான் இருந்தேன்."

பொன்செல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரும் அப்படித்தான்க்கா நம்பிட்டு இருந்தாரு."